தனி அலுவலர் ஆளும் ஊர்: தேனியின் ஊராட்சிகளும் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதியும்

தேனி மாவட்டத்தின் 130 ஊராட்சிகளிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிவுற்றது. அதன் பின்னர் ஊராட்சித் தலைவரின் அதிகாரங்கள் தனி அலுவலரின் கைக்குச் சென்றன. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த தமிழக மாவட்டங்கள் அனைத்திலும் இதுவே நடந்தது. அந்த 2025-ஆம் ஆண்டு முழுவதும் தேர்தல் நடைபெறவில்லை. நாளேடுகளின் உள்பக்கங்களில் நிர்வாகச் செய்தியாக இது கடந்துபோனது. சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்த பிறகும் தேர்தல் நடத்தாமல் தலைமைச் செயலரே மாநிலத்தை ஆள்வார் என்று அறிவித்திருந்தால் எத்தகைய கொந்தளிப்பு எழுந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்திய ஜனநாயகம் தேய்ந்து வருகிறது என்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். சுவீடனின் வி-டெம் ஆய்வு நிறுவனம் 2021 அறிக்கையில் இந்தியாவைத் 'தேர்தல்வழி எதேச்சாதிகாரம்' என்னும் வகையில் சேர்த்ததை மேற்கோள் காட்டுகிறோம். நாடாளுமன்றம், தேர்தல் ஆணையம், ஊடகம், நீதித்துறை ஆகியவற்றின் வீழ்ச்சியை விவாதிக்கிறோம். அவை யாவும் தேவையான விவாதங்களே. ஆயினும் கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை ஒரு தலித் குடும்பத்தின் அன்றாடத்தோடு மோதும் அரசு என்பது தில்லியில் இல்லை. குடிநீர்க் குழாய் எந்தத் தெருவில் முதலில் பதிக்கப்படுகிறது, சுடுகாட்டுப் பாதைக்கு யார் பணம் ஒதுக்குகிறார், தெருவிளக்கு காலனிக்கு முன்னரே நின்றுவிடுகிறதா என்பனவற்றை முடிவு செய்யும் அரசு ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. மாவட்ட மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்கினராகிய பட்டியல் சாதி மக்களுக்கு அந்த அலுவலகத்தின் நாற்காலியில் அமரும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 243-டி உறுப்பு வழங்கியது. தேர்தல் இல்லையெனில் அந்த உறுப்பும் இல்லை. இடஒதுக்கீட்டை யாரும் ஒழிக்காமலேயே அது செயலற்றுப் போகிறது.

கிராமத்தை அம்பேத்கர் நம்பவில்லை என்பது அனைவரும் அறிந்ததே. 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசமைப்பு நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசுகையில், இந்தியக் கிராமத்தைப் புகழ்வோரை அவர் கடுமையாக மறுத்தார். அந்த வரைவில் கிராமப் பஞ்சாயத்துக்கு இடமே இல்லை. அதே நவம்பர் 22 அன்று கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை அவர் ஏற்றுக்கொண்டார். அது இன்றைய 40-ஆம் உறுப்பாயிற்று. ஆனால் அது வழிகாட்டு நெறிமுறைகளில்தான் வைக்கப்பட்டது; நீதிமன்றத்தில் அதைக் காட்டி எதையும் கேட்க முடியாது. விளைவு தமிழ்நாட்டிலேயே தெரிந்தது. 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986-இல்தான் நடந்தது. அதற்கடுத்தது 1996-இல். கட்சிகள் மாறின, தனி அலுவலர் மாறவில்லை.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தம் இந்த நிலையை மாற்ற முயன்றது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டாயத் தேர்தல், தனியான மாநிலத் தேர்தல் ஆணையம், மக்கள்தொகைக்கு ஏற்பப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உறுப்பினர் இடங்களும் தலைவர் பதவிகளும் என ஒன்பதாம் பகுதி எழுதப்பட்டது. அம்பேத்கர் அஞ்சிய கிராமத்திற்குள், அவருடைய மக்களுக்கு உறுதி செய்யப்பட்ட ஒரு பிடிமானம் முதன்முதலாகக் கிடைத்தது என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

அந்தப் பிடிமானத்தை ஊர் எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்குத் தேனிக்காரர்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்தால் உசிலம்பட்டி வட்டாரம். புதிய சட்டத்தின்படி 1996 அக்டோபரில் முதல் தேர்தல் நடந்தபோது தேனி தனி மாவட்டமாகியிருக்கவில்லை. இவை யாவும் ஒரே மதுரை மாவட்டம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்காச்சியேந்தலும் தனித்தொகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பத்தாண்டுகள் அங்கே மன்றம் அமையவில்லை. வேட்புமனு தாக்கல் செய்ய யாரும் முன்வராத நிலை உருவாக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் தாமே நிறுத்தியவரை வெற்றி பெறச் செய்து, உடனேயே பதவி விலக வைத்தனர். 2006 அக்டோபரில்தான், தலித் இயக்கங்கள், இடதுசாரிகள், மாவட்ட நிர்வாகம் ஆகியோரின் நீண்ட முயற்சிக்குப் பின், அந்த நான்கு ஊராட்சிகளிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நீடித்தனர்.

மேலூர் வட்டத்து மேலவளவில் விலை இன்னும் கொடியதாக இருந்தது. தனித்தொகுதியாக்கப்பட்ட அந்த ஊராட்சியின் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பதின்மூவரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே விடுவித்தது. அடுத்த மாதமே ஊராட்சித் தேர்தல்.

உசிலம்பட்டி வட்டாரத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டத்தால் பிறப்பே குற்றமாக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த நிலம் அது. கைரேகைப் பதிவை எதிர்த்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தேனி மாவட்டத்தின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் அந்த வரலாற்றின் எச்சங்களே. தாம் அனுபவித்த சட்டக் கொடுமையின் நினைவு, பக்கத்துத் தெருவின் சட்ட உரிமையை ஏற்கும் அரசியலாக விரியவில்லை என்பதைக் குற்றச்சாட்டாக மட்டுமன்றி, இரு தரப்பு இளைஞர்களும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடமாகவே நாம் முன்வைக்கிறோம்.

கையெழுத்தில் இருக்கும் சாதி

தேர்தல் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ஐப் படிக்க வேண்டும். அதன் 188-ஆம் பிரிவின்படி ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு. மக்கள் நேரடியாக வாக்களிக்கின்றனர். துணைத்தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. வார்டு உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கின்றனர். தனித்தொகுதி ஊராட்சியில் பெரும்பான்மை வார்டுகள் ஆதிக்க சாதித் தெருக்களில் இருக்குமானால், துணைத்தலைவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இதன் பொருளை ஓர் எளிய நிகழ்வால் விளக்கலாம். காலனியின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுதாகிறது. தலித் தலைவர் காசோலையில் கையெழுத்திடுகிறார். துணைத்தலைவர் வெளியூரில் இருக்கிறார். அல்லது இருப்பதாகச் சொல்லப்படுகிறார். இரண்டு வாரம் கழிகிறது. காலனிப் பெண்கள் தலைவரின் வீட்டு வாசலில் குடத்தோடு நிற்கின்றனர். ஊர்த் தெருவில் 'இவருக்கு நிர்வாகம் தெரியவில்லை' என்ற பேச்சு பரவுகிறது. பணிகள் முடங்கினால், அதே சட்டத்தின் 205-ஆம் பிரிவு ஆயத்தமாக இருக்கிறது: ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் தலைவருக்கு அறிவிக்கை அனுப்பலாம், மன்றத்தின் கருத்தைக் கேட்கலாம், பதவியிலிருந்து நீக்கலாம். கருத்துச் சொல்லப்போகும் மன்றம், காசோலையை முடக்கிய அதே பெரும்பான்மைதான்.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட ஒளிப்படம் வெளியாகி நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு சுதந்திர நாளில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவர் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. நாற்காலியும் கொடியும் படமாகின்றன, படமானதால் வழக்காகின்றன. கையெழுத்திடாத காசோலையை யாரும் படமெடுப்பதில்லை. ஆகவேதான் நாம் அதையே பெரிய அநீதியாகக் கருதுகிறோம்.

இதைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. தமிழ்நாடு சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரே நாளில் செய்யலாம். தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் துணைத்தலைவரும் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்றோ, இரண்டாவது கையொப்பம் ஊராட்சிச் செயலருடையதாக, குறித்த நாட்களுக்குள் காரணம் எழுதாமல் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும் என்றோ விதி செய்யலாம். சமூகநீதியைத் தம் முகவரியாகக் கொண்ட இரு பெரும் கட்சிகளும் மாறி மாறி ஆண்ட முப்பதாண்டுகளில் இது செய்யப்படவில்லை.

ஊருக்கு ஒரு 356

அரசமைப்புத் திருத்தம் இன்றியமையாததாகும் இடம் 243-இ உறுப்பு. ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை என்றும், அது முடிவதற்கு முன்னரே அடுத்த தேர்தல் முடிக்கப்பட வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2006 அக்டோபர் 19 அன்று, பாப்பாபட்டியில் வாக்குப்பதிவு முடிந்த அதே மாதத்தில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கிஷன்சிங் தோமர் வழக்கில் நகராட்சிகளுக்கான இணை விதியை விளக்கியது: தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது கட்டாயம், வார்டு மறுவரையறை போன்றவை தாமதத்திற்குக் காரணமாக முடியாது. 2022 மே மாதம் சுரேஷ் மகாஜன் வழக்கில், மறுவரையறைக்காகக் காத்திராமல் ஏற்கெனவே உள்ள வரையறைப்படியே தேர்தலை அறிவிக்குமாறு அதே நீதிமன்றம் ஆணையிட்டது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடந்தது என்ன? 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலுக்கான அறிவிக்கையை, இடஒதுக்கீட்டு விதிகள் பின்பற்றப்படவில்லை என்னும் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்கலாம். மூன்றாண்டு கடந்தே நடத்தினர். 2025-இல் மீண்டும் மறுவரையறையும் இடஒதுக்கீட்டுப் பணியும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2016 அக்டோபர் முதல் 2025 டிசம்பர் வரை கணக்கிட்டால், ஒன்பது ஆண்டு சொச்சத்தில் நான்கு ஆண்டுக்கும் மேலாகத் தேனியின் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. ஒரு முறை அ.தி.மு.க. ஆட்சி, மறுமுறை தி.மு.க. ஆட்சி. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் நேரில் சென்று கிராம சபையில் அமர்ந்த பாப்பாபட்டியும் 2025-இல் தனி அலுவலரின் கீழ்தான் இருந்தது.

மாநிலச் சட்டமன்றங்களோடு ஒப்பிட்டால் 243-இ எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பது விளங்கும். 356-ஆம் உறுப்பின் கீழ் ஒரு மாநில அரசைக் கலைத்தால் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். 1994-இன் பொம்மை வழக்குத் தீர்ப்புக்குப் பின் நீதிமன்றம் அதை ஆராயவும் முடியும். 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை கலைப்பைச் சந்தித்த தமிழகக் கட்சிகளுக்கு இதன் வலி நன்கு தெரியும். ஆனால் ஊராட்சியில் தனி அலுவலரை அமர்த்த மாநிலம் ஓர் எளிய சட்டத்திருத்தத்தைச் செய்தால் போதும். நீட்டிக்கவும் அதுவே போதும். தேர்தலை நடத்தாத அரசுக்கு எந்த விளைவும் இல்லை. இழப்பு முழுவதும் ஊருக்குத்தான்: மன்றம் இல்லாத உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய நிதி ஆணைய மானியமும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

2025 ஏப்ரலில் மாநில உரிமைகளை ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு உயர்நிலைக் குழு அமைத்தது. 1969-இல் இராஜமன்னார் குழுவை அமைத்த மரபின் தொடர்ச்சி அது. தில்லியில் அதிகாரம் குவிவதை எதிர்க்கும் அந்த முயற்சியை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அதே ஆண்டில் அதே அரசின் கீழ் ஆயிரக்கணக்கான ஊராட்சிகள் மன்றமின்றி இருந்தன. கூட்டாட்சி என்னும் தத்துவம் தில்லியில் தொடங்கிக் கோட்டையிலேயே முடிந்துவிடுவதாயின், அது சேரிக்குப் பயன்படுவது எப்படி?

'ஒரே நாடு ஒரே தேர்தல்' திட்டத்தையும் இதே இடத்திலிருந்து காண வேண்டும். 2024 டிசம்பரில் அறிமுகமான 129-ஆம் திருத்த மசோதாவில் உள்ளாட்சிகள் இல்லை. ஆயினும் ராம்நாத் கோவிந்த் குழு, நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களுக்குப் பின் நூறு நாட்களுக்குள் உள்ளாட்சித் தேர்தலையும் நடத்தப் பரிந்துரைத்துள்ளது. அது நிறைவேறினால் ஊராட்சியின் ஐந்தாண்டு மேலே உள்ள அவைகளின் ஆயுளுக்கு ஏற்ப வெட்டப்படும். தாமதத்திற்கு மருந்தாக இதை ஏற்கச் சொல்வோரிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பள்ளத்தாக்கின் பேரூர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப்பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நிலத்தையொட்டிய ஊர்களில் பல சட்டப்படி 'நகர்ப்புறம்'. மாவட்டத்தில் 22 பேரூராட்சிகள். தேவாரம், கோம்பை, காமயகவுண்டன்பட்டி, குச்சனூர், மார்க்கையன்கோட்டை ஆகியவற்றில் நாற்று நடுவோரும் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து செய்வோரும் ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் ஜீப் ஏறி மலைக்குச் செல்வோரும் வாழ்கின்றனர். ஓர் ஊரைப் பேரூராட்சியாக்க மக்கள்தொகை, வருவாய், வேளாண்மை சாராத வேலைவாய்ப்பு முதலியவற்றைக் கருத வேண்டும் என்று 243-கியூ உறுப்பு கூறினாலும், முடிவு அரசின் அறிவிக்கையில்தான் இருக்கிறது. ஊராரைக் கேட்க வேண்டியதில்லை.

பேரூராட்சியானதும் அங்கே கிராம சபை இல்லை. 2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் அங்குள்ள நிலமற்ற தலித் தொழிலாளருக்குப் பொருந்தவில்லை. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. 2022-இல் உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். தனித்தொகுதி நாற்காலி யாருக்கு என்பதைக் கட்சிகளும் பெரும்பான்மை உறுப்பினர்களும் முடிவு செய்கின்றனர். இம்மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது.

கிராம சபை இருக்கும் ஊர்களிலும் அதன் சொல்லுக்கு வலு குறைவு. பொட்டிப்புரம் ஊராட்சியின் அம்பரப்பர் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைச் சுற்றுவட்டார மக்கள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தனர். 2018 மார்ச்சில் அதைச் சிறப்புத் திட்டமாகக் கருதிச் சூழல் அனுமதி அளிக்கப்பட்டபோது கிராம சபையின் ஒப்புதல் நிபந்தனையாக இல்லை. அதன் அதிகாரத்தை மாநிலச் சட்டத்தின் விருப்பத்திற்கே 243-ஏ விட்டுவிடுகிறது. 29 துறைகளை ஒப்படைப்பது பற்றிய 243-ஜி-யும் 'வழங்கலாம்' என்றே சொல்கிறது. மலையடிவாரத்துப் பளியர்களின் நிலை இன்னும் மோசம்: மாவட்டத்தில் அவர்களின் எண்ணிக்கை மிகச் சிறிது என்பதால் விகிதக் கணக்கில் இடம் கிடைப்பதே அரிது, தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லாததால் பழங்குடிக் கிராம சபைகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கு வராது.

என்ன திருத்தம், யாருக்கு அச்சம்

அரசமைப்புத் திருத்தம் என்ற சொல்லே இன்று தலித் மக்களிடம் அச்சத்தை எழுப்புகிறது. 2024 தேர்தலில் நானூறு இடம் என்ற முழக்கம் எழுந்தபோது, அரசமைப்புச் சட்டமே மாற்றப்படும் என்ற கவலை ஊர்தோறும் பரவியது நியாயமானதே. குடியரசின் பொன்விழாவில், 2000 ஜனவரி 27 அன்று, அரசமைப்புச் சட்டம் நம்மைக் கைவிட்டதா, நாம் அதைக் கைவிட்டோமா என்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கேட்ட கேள்வி, சட்டத்தையே மறுஆய்வு செய்யப் புறப்பட்ட ஆட்சியை நோக்கியதாகும். நாம் அந்தக் கேள்வியின் பக்கமே நிற்கிறோம். புதிய அரசமைப்புச் சட்டம் வேண்டும் என்போரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் 2023-க்குள் 106 முறை திருத்தப்பட்ட சட்டம் இது. முன்னேறிய வகுப்பினரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 103-ஆம் திருத்தம் 2019 ஜனவரியில் இரண்டே நாட்களில் ஈரவைகளிலும் நிறைவேறியது. திருத்தத்தை அவர்களுடைய ஆயுதமாக மட்டுமே விட்டுவைப்பது சரியன்று. நாம் கேட்பது மிகக் குறுகிய திருத்தம்: 243-இ-யில், உரிய நாளுக்குள் புதிய மறுவரையறை முடியாவிட்டால் பழைய வரையறையும் பழைய இடஒதுக்கீடுமே தொடரும், மாநிலத் தேர்தல் ஆணையம் அரசின் அனுமதிக்குக் காத்திராமல் தேர்தலை அறிவிக்கும் என்று எழுத வேண்டும். தனி அலுவலரின் காலம் எக்காரணத்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. 243-டி-யில், ஒதுக்கப்பட்ட பதவியின் அதிகாரத்தை வேறொரு பதவியின் வழியாக முடக்கும் மாநிலச் சட்டம் செல்லாது என ஒரு வரி வேண்டும். 243-ஜி-யின் 'வழங்கலாம்' என்பது 'வழங்க வேண்டும்' ஆக வேண்டும். பழைய இடஒதுக்கீடு தொடர்ந்தால் சுழற்சி தாமதமாகும் என்ற மறுப்பு வரும். அது மெய்தான். எனினும் தாமதமான சுழற்சியில் ஏதேனும் ஒரு தலித் நாற்காலியில் இருப்பார். தேர்தலே இல்லாதபோது எவரும் இருக்க மாட்டார்.

தேனியிலும் மதுரையிலும் படிக்கும் மாணவர்கள் தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. மாவட்டத்தின் எட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். 2020 முதல் 2025 வரை தனித்தொகுதி ஊராட்சிகளில் துணைத்தலைவரின் கையொப்பம் இன்றி நின்றுபோன பணிகள் எத்தனை? 205-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை பெற்ற தலைவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? 2025 ஜனவரிக்குப் பின் தனி அலுவலர் எந்தெந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவிட்டார்? அடுத்த தேர்தலுக்கான சுழற்சிப் பட்டியலில் எந்த ஊராட்சிகள் தனித்தொகுதிகளாகின்றன, அந்தப் பட்டியல் எந்த நாளில் வெளியிடப்படும்?